ஊருணிக் கரை இலுப்பையும் அடுத்த மனை வேம்பும்: புறநகர் மரங்களைச் சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிவிடுகிறேன். காரைக்குடியை ஒட்டிய புறநகர் மனைப்பிரிவு ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கு எதிரே ஊருணிக் கரையில், இருவர் கைகோத்தாலும் அடங்காத இலுப்பை மரம் ஒன்று நிற்கிறது. அடுத்த காலி மனையில் இரண்டு வேம்புகள். உங்கள் பின்மதிலும் பின்மனைக்காரரின் மதிலும் சேரும் மூலையில் ஒரு புளி. சென்ற வாரம் மரவியாபாரி ஒருவர் வந்து நான்கையும் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மரம் வெட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் எது, அதில் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபோது, நீங்கள் அறிய விரும்புவது பிரிவு எண்ணை அல்ல என்றே எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரம்பத்தோடு ஆள் வந்து நின்றால், எந்தக் காகிதத்தைக் காட்டினால் அவர் திரும்பிப் போவார் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் நான்கு மரங்களுக்கும் ஒன்றல்ல.

தேவகோட்டை, காரைக்குடி நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்திவருகிறேன். பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு, பாதைத் தகராறு ஆகியவைதான் பெரும்பாலும் என்னிடம் வருபவை. மரம் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு வரும். வாதி கேட்பது மூன்றடி நிலமாக இருக்கும், விசாரித்துப் பார்த்தால் அந்த மூன்றடியில் ஒரு தேக்கு நிற்கும். உங்கள் பத்திரத்தையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடத்தையும்) பார்க்காமல் எழுதுவதால், எந்த மரம் யாருடையது என்பதில் நான் சொல்வதெல்லாம் உங்கள் விவரிப்பை நம்பிச் சொல்வது. அது மாறினால் பதிலும் மாறும்.

கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் சமவெளி நகரங்களிலும் அவற்றின் புறநகர்களிலும், தன் சொந்த மனையில் நிற்கும் சாதாரண மரத்தை வெட்டுவதற்கு உரிமையாளர் முன் அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும் பொதுவான மரப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புறங்களுக்கு 1975-லும், கர்நாடகத்துக்கு 1976-லும், டெல்லிக்கு 1994-லும் அப்படிப்பட்ட சட்டங்கள் வந்தன. அங்கே மர அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், வீட்டுக்காரர் தன் தோட்டத்து மரத்துக்கும் அவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் பெங்களூரிலும் மும்பையிலும் வேலை பார்ப்பதால், அங்கே படித்த விதியை ஊரில் உள்ள அப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அப்பா அதை அச்செடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்குப் போகிறார். அந்தக் காகிதம் இங்கே செல்லாது.

நம் மாநிலத்திலும் மரம் பற்றிய சட்டங்கள் சில உண்டு, ஆனால் அவை உங்கள் தெருவை எட்டுவதில்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டும் உரியது; செட்டிநாட்டில் அதற்கு இடமில்லை. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் காடுகளைப் பற்றியது, மனையில் நிற்கும் இரண்டு வேம்புகளைப் பற்றியதல்ல. சந்தனம் உங்கள் பட்டா நிலத்திலேயே வளர்ந்தாலும் 2008-ஆம் ஆண்டின் விதிகளின்படி வனத்துறை வழியாகவே போக வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. உங்கள் நான்கு மரங்களில் சந்தனமும் இல்லை, பனையும் இல்லை. ஆகவே மரத்துக்கென்று எழுதப்படாத பிற சட்டங்களை வைத்துத்தான் காரியத்தை நடத்த வேண்டியிருக்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழி, நீங்கள் கேட்டிருக்கும் மரத்தின் பெயராலேயே, நம் நிலைமைக்குப் பொருந்துகிறது.

அந்தப் பிற சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சட்டம் இங்கே மரத்தைப் பார்ப்பதில்லை, மரம் நிற்கும் நிலத்தைப் பார்க்கிறது. நம் பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்று ஒரு வரி வரும்; சற்றுப் பிந்தியவற்றில் 'மாவடை, மரவடை உட்பட' என்றிருக்கும். தருவும் மரவடையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுகின்றன என்பதுதான் அதன் பொருள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது மனு எழுதுவதல்ல, புல எண்ணை (சர்வே எண்ணை) கண்டுபிடிப்பது. தமிழ்நாடு அரசின் மின்சேவை இணையதளத்தில், நிலத்தின் வகைப்பாடும் உரிமையாளர் பெயரும் உள்ள அ-பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஊருணிக் கரையின் புல எண்ணை இட்டுப் பாருங்கள். வகைப்பாட்டில் அரசுப் புறம்போக்கு, ஊருணி என்று வந்தால் ஒரு வழி. ஒருவர் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ பட்டா என்று வந்தால் வேறு வழி. செட்டிநாட்டு ஊருணிகள் பல, அந்தக் காலத்துத் தனவந்தர்கள் தங்கள் பணத்தில் வெட்டி ஊருக்கு விட்டவை. வெட்டியவர் பெயர் கல்லில் இருப்பதாலேயே இடம் அவருடைய வாரிசுகளுக்கு உரியது என்று வாதிடுபவர்களை நான் நீதிமன்றத்தில் சந்தித்திருக்கிறேன். கல்வெட்டு உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனால் வழக்கை ஐந்தாண்டு இழுக்க அது போதும்.

இடம் புறம்போக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இலுப்பை பொதுச் சொத்து, அதை வியாபாரிக்கு விற்க எந்தத் தனியாருக்கும் அதிகாரம் இல்லை. இதில் ஐயமே இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில்தான் உங்கள் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் முதலிய சில ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன. ஊராட்சியாக இருந்தவரை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பொருந்தியது. ஊராட்சிக்கு உரிய சாலையிலும் நிலத்திலும் நிற்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டுவது, கிளை ஒடிப்பது, பட்டை உரிப்பது ஆகியவற்றை அச்சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. மாநகராட்சிக்குள் வந்துவிட்டால் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும், மனு ஆணையருக்குப் போக வேண்டும். எல்லை மாறிய இடங்களில் பழைய அலுவலகம் 'இப்போது எங்களிடம் இல்லை' என்றும் புதிய அலுவலகம் 'இன்னும் எங்களிடம் வரவில்லை' என்றும் சொல்வது வழக்கம். இந்த இடைவெளியில்தான் மரங்கள் போகின்றன. ஆகவே ஒரே மனுவை உள்ளாட்சி அமைப்பு, வட்டாட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர் ஆகிய மூவருக்கும் முகவரியிட்டுக் கொடுங்கள். காரைக்குடி வட்டத்துக்குக் கோட்டாட்சியர் தேவகோட்டையில் இருக்கிறார்.

உள்ளாட்சி அமைப்போ அரசுத் துறையோ தானே வெட்ட முனைந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நடைமுறையில் வியாபாரியின் பின்னால் பெரும்பாலும் ஒரு சாலைத் திட்டமோ கரை கட்டும் ஒப்பந்தமோ இருக்கும். 2021-இல் அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், வனத்துறையும் அதில் உண்டு. அரசு நிலத்திலும் பொது இடத்திலும் மரம் வெட்ட வேண்டுமானால் துறை அந்தக் குழுவின் முன் போக வேண்டும். வெட்டாமல் முடியாதா, பெயர்த்து நட முடியுமா, எத்தனை கன்று ஈடாக நடுவது என்பவற்றைக் குழு பார்க்க வேண்டும். இந்தக் குழுவைப் பற்றி அலுவலகங்களின் கீழ்நிலையில் இருப்பவர்கள் பலரும் கேள்விப்பட்டதேயில்லை என்பது என் அனுபவம். 'மாவட்டப் பசுமைக் குழுவின் தீர்மான நகலைக் காட்டுங்கள்' என்று எழுத்தில் கேட்டாலே பாதி வேலை நின்றுவிடும். கொடுக்க மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். ஆனால் அதற்கு 30 நாள், மரத்துக்கு அரைநாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு மட்டும் தனியாகப் பட்டா உண்டு. வருவாய்த் துறையில் அதை 2சி பட்டா என்பார்கள், கிராம நிர்வாக அலுவலரின் 2சி கணக்கில் மரத்தின் வகையும் பட்டாதாரர் பெயரும் பதிவாகியிருக்கும். சாலையோரப் புளிகளும் கரையோர இலுப்பைகளும் பல ஊர்களில் இப்படி ஒருவரின் பாட்டனார் பெயரில் இருக்கின்றன. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அத்தகைய பட்டாதாரராக இருக்கக்கூடும். அந்தப் பட்டா பூவையும் காயையும் எடுத்து அனுபவிக்கும் உரிமையைத் தருகிறது. நிலத்தைத் தருவதில்லை, அனுமதியில்லாமல் மரத்தை வெட்டிச் சாய்க்கும் உரிமையையும் தருவதில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கூண்டில் நின்று அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். ஓரங்கள் கறையான் அரித்து, நடுவில் நீல மசியில் 'இலுப்பை 1, புளி 3' என்று மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று புளியில் இரண்டு அதற்குள் அறுவை மில்லுக்குப் போய்விட்டிருந்தன. ஆனாலும் நின்ற ஒன்றையும் இலுப்பையையும் அந்த ஒற்றை வரிதான் காப்பாற்றியது.

குற்றவியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறர் நிலத்து மரத்தை எடுத்துப் போகும் எண்ணத்தோடு வெட்டுவது திருட்டு. இது என் விளக்கமல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில் திருட்டுக்குக் கொடுக்கப்பட்ட முதல் எடுத்துக்காட்டே மரம் வெட்டுவதுதான். வேரோடு நிற்கும்வரை அது அசையும் பொருள் அல்ல, வெட்டிப் பிரித்த நொடியில் திருட்டு முழுமையாகிறது என்று அதில் சொல்லப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு அதையே தொடர்கிறது. எடுத்துப் போகாமல் அழித்தால் 324-ஆம் பிரிவு பொருந்தும். அதில் தண்டனை சேதத்தின் மதிப்பைப் பொறுத்தது: அரசு, உள்ளாட்சிச் சொத்து உட்பட எந்தச் சொத்துக்குச் சேதம் விளைவித்தாலும் ஓராண்டு வரை, மதிப்பு 20,000 ரூபாயை எட்டினால் இரண்டு ஆண்டு வரை, 1 லட்சத்தை எட்டினால் ஐந்து ஆண்டு வரை. ஆகவே புகாரில் 'பெரிய மரம்' என்று எழுதினால் போதாது. வகை, சுற்றளவு, உயரம் ஆகியவற்றை எழுதி, வனத்துறை மூலம் மதிப்பிடக் கோருங்கள். 1992-ஆம் ஆண்டின் சொத்துச் சேதம் மற்றும் இழப்புத் தடுப்புச் சட்டத்தையும் காவல் நிலையங்கள் சில நேரம் சேர்க்கின்றன. தனி மரத்துக்கு அது நிற்குமா என்பது வாதத்துக்கு உரியது, அதை மட்டும் நம்பிப் புகார் எழுத வேண்டாம்.

அடுத்த மனையின் வேம்புகளுக்கு வருகிறேன். இங்கே உங்களுக்கு நம்பிக்கை தரும்படி எழுத என்னால் முடியவில்லை. மனை அவருடையது, பட்டா அவருடையது, வேம்பு சாதாரண வகை. அவர் வெட்டலாம். அரசமைப்புச் சட்டத்தின் 48-ஏ பிரிவும் 51-ஏ (ஜி) பிரிவும் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் நெறி, குடிமகனின் கடமை என்கின்றன. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் மூலம் அவை வந்தன. உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக அவற்றை எடுத்துக்காட்டலாம். பக்கத்து வீட்டுக்காரரின் கையிலிருக்கும் கோடரியை அவை நேரடியாகத் தடுக்காது.

இந்த இடத்தில் கைப்பேசிகளில் சுற்றிவரும் இரண்டு செய்திகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, 'அனுமதியின்றி மரம் வெட்டினால் மரத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு' என்பது. 2025 மார்ச்சில் அப்படி ஓர் ஆணை வந்தது உண்மை. மதுரா–பிருந்தாவனம் பகுதியில் 454 மரங்கள் வெட்டப்பட்ட வழக்கு அது. ஆனால் அந்த இடம் தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாப்பு வட்டத்துக்குள் இருக்கிறது; அங்கே நீதிமன்ற அனுமதியின்றி மரம் வெட்டக்கூடாது என்ற தடை முன்பே இருந்தது. அந்தத் தடை நம் ஊருக்கு இல்லை. இரண்டாவது, 'ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய்' என்பது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு சொன்ன கணக்கு அது. குழுவின் அறிக்கை, சட்டமல்ல. ஆனாலும் உங்கள் இலுப்பைக்கு மதிப்பு கேட்கும்போது அதை மேற்கோள் காட்டுவதில் தவறில்லை. வெறும் விறகு விலையைப் போட்டுச் சேதத்தை 20,000-க்குக் கீழே நிறுத்திவிடாமல் வாதிட அது உதவும்.

மூலைப் புளி சுவாரசியமானது. தண்டு தரையைத் தொடும் இடம் யாருடைய நிலத்தில் இருக்கிறதோ மரம் அவருடையது. எல்லைக்கோட்டின் மேலேயே தண்டு இருந்தால் இருவருக்கும் பொது, ஒருவர் மற்றவரின் இசைவின்றி வெட்ட முடியாது. மதில் எல்லையாகாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். மனைப்பிரிவுகளில் மதில் கொத்தனாரின் நூல் போன இடத்தில் இருக்கும், எல்லை புலப்படத்தில் இருக்கும். நில அளவைக்கு விண்ணப்பித்துக் கல் நட்டுப் பார்த்தால் மரம் ஒன்றரை அடி இப்புறமோ அப்புறமோ நகர்ந்துவிடுவதுண்டு. கிளை விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் பின்பற்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த நெறி: அண்டை மரத்தின் கிளை உங்கள் எல்லைக்குள் நீண்டால், அவர் நிலத்துக்குள் கால் வைக்காமல், எல்லை வரைக்கும் நீங்களே வெட்டிக்கொள்ளலாம், ஆனால் வெட்டிய கிளை அவருடையது. புளியங்காய்க்கும் அதே நியாயம்தான், நம் தெருவில் யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும். கிளை வெட்டும் உரிமை மரத்தைக் கொல்லும் உரிமை அல்ல. அடிமரத்தில் துளையிட்டுப் பெருங்காயம் வைப்பது, வட்டமாகப் பட்டையை உரித்து அமிலம் ஊற்றுவது போன்றவற்றைச் செய்துவிட்டு 'தானாகப் பட்டுப்போனது' என்று சொல்பவர்கள் உண்டு. அது அவருடைய மரமாக இல்லாவிட்டால் சேதம் விளைவித்த குற்றமே.

நீங்கள் கேட்காவிட்டாலும், இதைப் படிக்கும் செட்டிநாட்டார் பலருக்குப் பயன்படும் என்பதால் பெரிய வீடுகளைப் பற்றி ஒரு பத்தி. முகப்பு முதல் பின்கட்டு வரை பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீடுகளின் பின்தோட்டத்தில் உயிருள்ள மரங்களும் நிற்கின்றன. வீட்டுக்குப் பன்னிரண்டு பங்காளிகள் இருப்பார்கள். நான்கு பேர் சென்னையில், மூவர் வெளிநாட்டில், ஊரில் சாவி வைத்திருப்பவர் ஒருவர். அந்த ஒருவர் மரங்களை விற்றுவிட்டார் என்ற செய்தி அடுத்த திருமணத்தின்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்குதாரர் சொத்தின் மதிப்பைக் குறைக்கும் காரியத்தைச் செய்யக்கூடாது என்பது நிலைபெற்ற சட்டம். மற்றவர்கள் பாகப்பிரிவினை வழக்கோடு தடையாணையும் கேட்கலாம், விற்ற பணத்துக்குக் கணக்கும் கேட்கலாம். உங்கள் காலி மனைக்கும் இதைக் கொஞ்சம் விசாரியுங்கள். விற்பவர் ஒரே உரிமையாளர்தானா என்பது வில்லங்கச் சான்றில் தெரியும். இன்னொன்று: பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். வேம்பு நிற்பது மனையிலா, பூங்கா ஒதுக்கீட்டிலா என்பதை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் சரிபாருங்கள். பூங்கா இடத்தையே மனையாகக் கூறுபோட்டு விற்ற வழக்குகள் என் அலமாரியில் மூன்று இருக்கின்றன.

கோயில் மரங்களுக்கு நிலைமை சற்று மேல். தலமரத்தை வெட்ட யாரும் துணிவதில்லை. மருதங்குடி என்று முன்னாளில் பெயர் பெற்ற பிள்ளையார்பட்டியில் இறைவன் பெயரே மருதீசர். அந்த மருதத்துக்குச் சட்டத்தின் காவல் தேவைப்படவில்லை. ஐயனார் கோயில் காடுகளுக்குத்தான் தேவைப்படுகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க முடியும்; 2022-இல் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி அப்படி அறிவிக்கப்பட்டது. அது குன்றுகளும் நீர்நிலைகளும் சேர்ந்த பரப்பு. ஊருணிக் கரையின் ஒற்றை இலுப்பைக்கு அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதை வைத்தும் மரத்தைக் காக்க முடியாது. மனுவில் ஒரு வரியாக எழுதலாம், அவ்வளவே.

எதிர்த்தரப்பு கையில் எடுக்கக்கூடிய வாதங்களையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 'மரம் விழும் நிலையில் இருக்கிறது' என்பதுதான் முதல் வாதமாக வரும். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. விழுந்து ஆளைக் காயப்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ கோட்டாட்சியர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். முட்டுக் கொடுப்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. ஆணைக்கு எதிராகக் காரணம் காட்ட வாய்ப்பும் உண்டு. இரண்டாவதாக மின்கம்பியைச் சொல்வார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு கம்பிக்கு இடையூறான மரத்தை அகற்ற வகை செய்கிறது; கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரமானால் இழப்பீடும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் கம்பியோரக் கிளைகளைக் கழிப்பது நியாயமான வேலை, அதைத் தடுக்கப் போகாதீர்கள். கிளை கழிக்க வந்தவர்கள் அடிமரத்தில் கை வைத்தால் மட்டும் ஆணையைக் கேளுங்கள்.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, பொது மரத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுப்பது. அரசை எதிர்வாதியாக்கினால் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு வேண்டும், அவசரமென்றால் அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். மற்றொன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு. பெரும்பாலும் 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்' என்ற அளவில்தான் ஆணை கிடைக்கும், ஆனால் அதுவரை மரம் நிற்கும். எதுவானாலும் நீங்கள் முன்பே மனுக் கொடுத்திருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தைப் பலர் சொல்வார்கள். அதன் அதிகாரம் அட்டவணையில் உள்ள குறிப்பிட்ட சட்டங்களைச் சார்ந்தது. ஒற்றை மரத்துக்கு அதை நான் நம்பமாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை. பகல் வெளிச்சத்தில் நான்கு மரங்களையும், பின்னணியில் உங்கள் வீடோ ஊருணிப் படித்துறையோ தெரியும்படி, இடக்குறிப்போடு படமெடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வனத்துறை அளக்கும் உயரம் அதுதான். மனுவை நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், இன்னொரு படியை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் ஒரு படி கொடுங்கள். தெருவில் ஐந்து பேராவது கையெழுத்திடட்டும். முத்திரையிட்ட அந்த நகலின் ஒரு படியை மரவியாபாரியிடமே கொடுத்துவிடுங்கள். இது சட்டப் புத்தகத்தில் இல்லாத யோசனை, ஆனால் இதுவரை எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்: அவர் முன்பணம் போட்டவர், வழக்குள்ள மரத்தை எந்த அறுவை மில்லும் இறக்கிக்கொள்ளாது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வேம்புகளுக்காக மனை உரிமையாளரைப் பார்த்துப் பேசுங்கள், வீட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டட விதிப்படி சுற்றிலும் திறந்தவெளி விட்டே ஆக வேண்டும். இரண்டில் ஒன்றாவது அந்தத் திறந்தவெளிக்குள் விழக்கூடும். அப்படியானால் அதை வெட்டும் கூலி அவருக்கு மிச்சம்.

எல்லாவற்றையும் மீறி ஒரு ஞாயிறு காலையில் இலுப்பை சாய்ந்துவிட்டால், லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள். வெட்டிய துண்டுகள் ஊரை விட்டுப் போகும் முன் நிறுத்தினால் அவை உள்ளாட்சியின் சொத்தாகக் கணக்கில் ஏறும். அடிக்கட்டையைத் தோண்டவோ எரிக்கவோ விடாதீர்கள், மனுவிலேயே அதைக் கோரிக்கையாக எழுதிவிடுங்கள். சுற்றளவுக்கு அதுவே சாட்சி. தவிர, இலுப்பைக் கட்டை வேரோடு இருந்தால் ஓரத்தில் துளிர்விடும், ஆடு கடிக்காமல் முள் வைத்து அடைத்தால் போதும்.